உள்ளங்கையில் சூடம்

எங்கள் வீட்டில் உழைத்தது மாத்திரை. பேர் வாங்கிக்கொண்டு போனது பேச்சியம்மன். அம்மன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவள் பேரைச் சொல்லி என் புருசனைச் சாகக் கொடுக்கப் பார்த்தார்களே, அவர்கள் மேல்தான் கோபம். இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

என் புருசன் சுரேஷ்கண்ணன் தேவாரத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். திராட்சைப் பெட்டியோ வாழைத்தாரோ, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக மலை ஏறிக் கேரளாவில் இறக்கிவிட்டு வருவார். முந்தி வடக்கே லாரிக்குப் போய்க்கொண்டிருந்தார். போன இடத்தில் எச்.ஐ.வி.யை வாங்கி வந்து எனக்கும் கொடுத்தார். கயல் என் வயிற்றில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தத்தில்தான் அது தெரிந்தது. முதலில் சோதித்தது என் ரத்தம், அதனால் முதலில் தெரிந்தது என் வியாதி, அதனால் கொண்டுவந்தவளும் நான்தான் என்று மாமியார் முடிவு கட்டினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். மாமியார் கண்ணை மூடுகிற வரைக்கும் என் டம்ளர் அடுப்படி மூலையில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. அவர் மகனுடைய டம்ளர் மற்றவர்கள் டம்ளரோடு தாங்கியில் இருந்தது.

அந்தக் காலத்திலேயே மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அதனால் கயல் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆரம்பத்தில் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஏதேதோ மாத்திரை. சாப்பிட்டால் தலை சுற்றும், கெட்ட கெட்ட கனவு வரும். பிறகு மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, அவ்வளவுதான். எட்டு மணிக்குச் செல்போனில் அலாரம் அடிக்கும். யாராவது கேட்டால் சீரியலுக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். நான் டப்பாவைத் திறந்து அவர் கையில் ஒன்று வைப்பேன், என் வாயில் ஒன்று போட்டுக்கொள்வேன். அவருக்குத் தண்ணீர் மோந்து கொடுப்பதும் நான்தான். டம்ளரைக் கீழே வைக்கக்கூட அவர் எழுந்ததில்லை.

போன மார்கழியில் பெரியாஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனையில், இரண்டு பேர் ரத்தத்திலும் கிருமி தென்படவில்லை என்று வந்தது. அங்கே ஆலோசகராக இருக்கிறவள் நாகஜோதி, நான் வெறும் ஜோதி. அவள் எங்களை உட்கார வைத்துப் பதமாகச் சொன்னாள். "கிருமி செத்துப்போகலண்ணே. மாத்திரை அதைப் படுக்கப் போட்டிருக்கு. நிறுத்துனீகன்னா எந்திரிச்சிரும்." இரண்டு பேரும் தலையாட்டினோம். நான் முழுதையும் கேட்டுத் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் பாதியைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். கிருமி இல்லை என்பது மட்டும் அவர் காதில் ஏறியிருக்கிறது.

நேராக அவருடைய பெரியப்பா கருத்தக்கண்ணனிடம் போய்ச் சொன்னார். பெரிய மாமாவுக்குத் தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம், சொந்தத்தில் நல்லது கெட்டதுக்கு முதல் நாற்காலி எல்லாம் உண்டு. வருசநாட்டில் மூல வைகைக் கரையில் இருக்கிற எங்கள் குலசாமி பேச்சியம்மனுக்கு அவர்தான் சாமியாடி. எங்கள் வியாதி விவரம் பங்காளிகளில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். மாமியார் காதோடு சொல்லி வைத்த உபகாரம் அது. விசயத்தைக் கேட்டதும் அவர், "ஆத்தா எடுத்துட்டாடா மகனே" என்று திருநீறு அள்ளிப் பூசினாராம். இத்தனை வருசம் நேர்ந்துகொண்டதுக்கு அம்மன் இப்போதுதான் மனமிரங்கினாளாம். இனிமேல் இங்கிலீஷ் மருந்தைத் தொட்டால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். ஒரு மண்டலம் திருநீறு மட்டும் போட்டால் போதுமாம். தை பிறந்த அன்றைக்கு அவர் கையில் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார் என் புருசன்.

அன்று எட்டு மணிக்கு நான் வைத்த மாத்திரையைத் திருப்பி டப்பாவிலேயே போட்டார். சண்டை போட்டேன். அழுதேன். கயல் தலையில் கை வைத்துக் கேட்டேன். நாகஜோதி சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். பொம்பளைக்குச் சாமி காரியம் என்ன தெரியும் என்றார். அவரோடு ஒரே நாளில் எனக்கும்தான் கிருமி தென்படவில்லை என்று வந்தது, எனக்காக யாரும் நேர்ந்துகொள்ளவில்லையே, என் கிருமியை எந்தச் சாமி எடுத்தது என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நாகஜோதி போன் பண்ணினாள். அவள் நம்பரைப் பிளாக் பண்ணிவிட்டார். மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்துவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். அது முறையில்லை அக்கா, அவர் அறிந்துதான் சாப்பிட வேண்டும், எப்படியாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

மாசி பிறப்பதற்குள் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று வண்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் எடுத்தார். பல் விளக்கும்போது பார்த்தேன், நாக்கில் தயிர் படிந்தது போல வெள்ளை. கண்ணாடியில் அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சிவராத்திரிக்கு மறுநாள் பங்காளிகள் எல்லோரும் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போவது வழக்கம். கயலுக்குப் பரீட்சை இருந்ததால் வீட்டிலேயே விட்டுவிட்டு நாங்கள் வேனில் ஏறினோம். பெரிய மாமா எங்களுக்கு முன் இருக்கையில் இருந்தார். வேன் கண்டமனூர் தாண்டியதும் ஓரங்கட்டி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மாமா தன் பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார்.

"ஆத்தா ஜோதி, இத்தினிக்கூண்டு தண்ணி குடு. சாப்பாட்டுக்கு முந்திப் போடணும். விட்டுட்டா சுகரு ஏறிப்போகுது, டாக்டரு வைவாக."

மோந்து கொடுத்தேன். அண்ணாந்து விழுங்கிவிட்டு, அட்டையைப் பத்திரமாக பெல்ட்டுக்குள் வைத்து பட்டனை அமுக்கினார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டால் மட்டும் பேச்சி கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று கேட்க வாய்வரை வந்தது. வேன் நிறையப் பங்காளிகள், அவர்கள் பெண்டாட்டிகள், பிள்ளைகள். தண்ணீர்க் குடத்தை மூடி வைத்தேன். என் பக்கத்தில் என் புருசன் மாசி வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரும் அந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் பொங்கியது. உறுமி அடித்தார்கள். அருவாளைக் கையில் எடுத்ததும் பெரிய மாமாவுக்கு வழக்கம்போலச் சாமி வந்தது. வரிசையாக எல்லோருக்கும் திருநீறு போட்டுக் குறி சொல்லிக்கொண்டே வந்தவர், என் புருசன் தலையில் கையை வைத்தார்.

"எம்மகனே, நீ சுத்தமாயிட்ட. இன்னும் ஒரு மண்டலம் அதத் தொடாத. சித்திரையில வந்து கெடா வெட்டு. நான் பாத்துக்கிறேன்."

குடியைத்தான் சாமி சொல்கிறது என்று நினைத்துப் பங்காளிகள் ஆமா சாமி போட்டார்கள். நிற்கத் தெம்பில்லாமல் அண்ணன் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு என் புருசனும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு மண்டலமா? சித்திரையில் கிடா வெட்ட ஆள் எங்கே இருக்கும்? ஆளுக்குக் கருமாதிதான் நடக்கும்.

அந்த இடத்திலேயே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் வியாதியின் பேர் வேன் ஏறித் தேவாரம் முழுக்க இறங்கும். நாளைக்குக் கயல் பக்கத்தில் எவளும் உட்கார மாட்டாள். வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை. பெண்டாட்டியாகச் சொன்னது எடுபடவில்லை. அங்கே எடுபடுகிற வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கொண்டையை அவிழ்த்தேன்.

முதலில் நம்பியது உறுமிக்காரர்தான். என் பக்கம் திரும்பி அடியை மாற்றினார். அந்த அடியில் கால் தானாக ஆடியது. வந்தது சாமியா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். கோபம் வந்தது, அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பதினேழு வருசமாகத் தனி டம்ளரில் தேங்கிக் கிடந்த கோபம்.

பங்காளிகளில் வாய்த்துடுக்கு உள்ளவர் சீனிச்சாமி. அவர்தான் குறுக்கே வந்தார். "வந்தவ மேல நம்ம சாமி எப்படிய்யா எறங்கும்? எந்தச் சாமின்னு கேளுங்க. அத்தாட்சி கேளுங்க."

நான் மருமகள். பிறந்த வீட்டில் எனக்கு வேறு குலசாமி. இந்த வம்சத்துச் சாமி என் மேல் இறங்க உரிமை இல்லையாம். இந்த வம்சத்துப் பிள்ளை கொண்டுவந்த வியாதி என் மேல் இறங்கினபோது ஒருத்தரும் இந்த நியாயத்தைப் பேசவில்லை.

"பேச்சிடா நான்" என்றேன். "உங்க வம்சத்துப் பாரத்தையெல்லாம் இவ தலையில ஏத்திவச்சீகளே, அப்ப இவ வந்தவன்னு தெரியலையா? சூடத்தைக் கொண்டா."

கேட்டவுடன் கொண்டுவந்தார்கள். உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, அது தானாக அணைகிற வரைக்கும் கை அசையாமல் இருந்தால்தான் வந்தது சாமி. அசைந்தால் வேசம். எங்கள் பக்கத்தில் வழிவழியாக இருக்கிற சோதனை அது. சீனிச்சாமியே கட்டியைப் பெரிதாகப் பார்த்து எடுத்து வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். சாமி வந்தவர்களுக்குச் சுடாது என்பார்கள். எனக்குச் சுட்டது. உயிர் போகிற மாதிரிச் சுட்டது. கத்தினால் எல்லாம் போச்சு. அந்தக் கத்தலைத்தான் பேச்சாக மாற்றினேன்.

"ஏலே கருத்தக்கண்ணா."

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து அந்தப் பேரை நான் உச்சரித்ததில்லை. கை எரிந்துகொண்டிருந்தது, வாய் இனித்தது. மாமாவின் ஆட்டம் பாதியில் நின்றது.

"ஒம் பெல்ட்டுல என்னடா வச்சிருக்க? எடு."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். எடுக்கவில்லை. சூடம் இன்னும் பாதி இருந்தது. எடுடா என்று நான் போட்ட சத்தத்தில் பொங்கல் பானைப் பக்கம் இருந்த பெண்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். பிறகு பட்டனைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்.

"இதக் குடுத்தது யாரு?"

"டாக்டரு ஆத்தா" என்றார். பிறகு சாமியிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு வந்து, "நீதான் ஆத்தா. நீ குடுக்காம யாரு குடுக்க?" என்றார்.

"நான் குடுத்தத நீ திங்கிற. ஒன் உசுரு ஒனக்கு வெல்லம். எம்மகன் தின்னா மட்டும் எனக்குக் கோவம் வருமா? எம்பேரைச் சொல்லி அவன் வாயக் கட்டுறதுக்கு நீ யாருடா?"

அவர் அருவாளைக் கீழே வைத்துவிட்டு, அறியாமல் சொல்லிவிட்டேன் ஆத்தா, சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று எல்லோரும் கேட்கக் கும்பிட்டார். சூடம் நீலமாகக் குறுகிக்கொண்டு வந்தது. நான் என் புருசன் பக்கம் திரும்பினேன்.

"நிறுத்துனத இன்னைக்கே எடு. இருக்குற நாள் வரைக்கும் எடு."

என் காலில் முள் குத்தினால்கூடக் குனிந்து பார்க்காத மனிதர், நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். உள்ளங்கையில் சூடம் அணைந்தது. கை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் இருட்டியது.

திரும்பும்போது வேனில் எனக்கு முன் சீட்டைக் கொடுத்தார்கள். ஓரகத்திகள் ஒவ்வொருத்தியாக வந்து காதோரம் மகள் கல்யாணம், மகன் வேலை என்று கேட்டார்கள். தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டேன். பெரிய மாமா மத்தியான மாத்திரைக்குத் தண்ணீரை வேறு யாரிடமோ கேட்டு வாங்கினார். கை வாழைப்பூ நிறத்தில் கொப்புளம் கண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாகஜோதிக்குப் போன் பண்ணினேன். அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். இன்றைக்கே மாத்திரையை ஆரம்பிக்கட்டும், நாளைக் காலையில் முதல் ஆளாகக் கூட்டிவாருங்கள், காய்ச்சலுக்கும் நாக்குக்கும் பார்க்க வேண்டும், சளி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றாள். எப்படி அக்கா சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்டாள். நேரில் சொல்கிறேன் என்றேன். கயல் என் கையில் மருந்து தடவிக்கொண்டே எப்படிச் சுட்டது என்று கேட்டாள். சூடம் பட்டுவிட்டது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் படிக்கப் போனாள்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

"ரொம்ப எரியுதா?"

எரியுது என்றேன்.

"பெரியப்பாவ அவ்வளவு நேரம் நிக்க வச்சிருக்க வேணாம். வெரசாச் சொல்லி முடிச்சிருந்தீன்னா கையி இம்புட்டு வெந்திருக்காது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒன்னையத்தான். அவரு வேன்ல மாத்திரை போட்டப்ப நானும் பக்கத்துலதான இருந்தேன். தண்ணி குடுத்தது நீ. பேச்சிக்கு எப்படித் தெரியும்?"

ஆக, விழும்போதே தெரிந்துதான் விழுந்திருக்கிறார். பிறகு எதற்குக் காலில் விழுந்தீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நாக்குல வெள்ளையப் பாத்ததுலேருந்து பயந்துதான் கெடந்தேன் ஜோதி. எடுத்துரணும்னுதான் இருந்துச்சு. பெரியப்பாகிட்டச் சத்தியம் பண்ணிட்டேனே. பொண்டாட்டி சொன்னான்னு மீறுனா அவுக என்னைய ஒரு ஆளா மதிப்பாகளா? ஆத்தாளே சொன்னா ஒரு பய ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வேறு. வெட்கம் கூட இல்லை. நான் இத்தனை நாளும் கத்தியது அவருக்குக் கேட்டிருக்கிறது. புரிந்தும் இருக்கிறது. நான் சொன்னதுதான் சரி என்று தெரிந்தே காய்ச்சலில் கிடந்திருக்கிறார். செத்தாலும் சாகலாம், பெண்டாட்டி பேச்சைக் கேட்டான் என்று பேர் மட்டும் வரக்கூடாது. அவர் மானம் கருகக் கூடாது என்பதற்காக என் கை கருகியிருக்கிறது. சூடம் எரிந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அழவில்லை. இந்த மனிதர் முன்னால் இனி அழுவதாக இல்லை.

அலாரம் அடித்தது. வழக்கம்போல அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினார். நான் டப்பாவை இடது கையால் திறந்து என் மாத்திரையை மட்டும் எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கழுவித் தாங்கியில் வைத்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"எனக்கு?"

"டப்பா அங்கன அலமாரில இருக்கு. பானை இங்கன இருக்கு. ஒங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். டப்பாவைத் திறக்கத் தெரியாமல் மூடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். நான் உதவவில்லை. ஒரு வழியாக எடுத்து, தாங்கியில் இருந்த என் டம்ளரிலேயே தண்ணீர் மோந்து குடித்தார்.

"வாயத் தொறங்க" என்றேன்.

திறந்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே மாத்திரை இல்லை.